கால் நீட்ட ஒரு சீட்டு

நான் முதன்முதலாக நொண்டியது உப்பளம் என்கிற பேட்டையில். ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திப் பூட்டிவிட்டு, அங்கிருந்து டாக்டர் வீடு வரைக்கும் இடது காலை இழுத்துக்கொண்டு போனேன். வாசல் வரை வண்டி ஓட்டி வந்தவளுக்கு முட்டியில் என்ன கோளாறு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது அல்லவா? அவ்வளவு முன்யோசனை. அதில் பாதியைப் பரீட்சையில் காட்டியிருந்தால் தங்கப் பதக்கமே வாங்கியிருப்பேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் உயரம் ஐந்தடி பத்தங்குலம். தேவிப்பிரியா என்ற பெயர் எனக்கு ரேஷன் கார்டில்தான் இருக்கிறது, ஊரில் எல்லாருக்கும் நான் 'பாய்மரம்'. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக்காரர் முதுகில் என் முட்டி இடிக்கும், அவர் திரும்பி முறைப்பார். லாஸ்பேட்டையில் படித்தபோது கல்லூரியிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா போனோம். போய் இறங்கியதும் மற்றவர்கள் எல்லாம் போட்டோ எடுக்க ஓடினார்கள். நான் பஸ் படியிலேயே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவளுக்குப் பிரான்சில், லில் என்ற ஊரில், இரண்டு வருட மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. சென்னையிலிருந்து ஏறி, நடுவில் ஓர் அரபு ஊரில் விமானம் மாறி, பாரிஸில் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் பதினொரு மணி நேரத்துக்கு மேல். எனக்கு விழுந்ததோ கடைசிக்கு முந்தின வரிசையில் நடு சீட்டு. எனக்கு மூன்று வருடம் மேலே படித்த நெடுமாறன் அண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவரிடம் போனில் அழாத குறையாகக் கேட்டேன்.

"ஸ்டூடண்ட் டிக்கெட்டுக்கு முன் வரிசைய எவன் தருவான்? தனியா காசு கட்டணும். இல்லன்னா கால் ஒடஞ்சிருக்கணும்" என்றார்.

"ஒடச்சுக்கவா?"

"ஒடைக்காமலே ஒடைக்கலாம். மடக்கக் கூடாதுன்னு டாக்டர் லெட்டர் ஒண்ணு, முட்டி பெல்ட்டு ஒண்ணு. நான் அப்படித்தான் வந்தேன். எதிர்ல ஆளே இருக்காது, வெறும் தடுப்புதான். ஆனா பெல்ட்ட புதுசா வாங்காத. நாடகம்னு தெரிஞ்சிடும். யாராவது போட்டுப் பழசானதா பாத்துப் போடு."

போட்டுப் பழசான பெல்ட்டுக்கு நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. என் அம்மா அஞ்சலாட்சி தவளக்குப்பம் முனையில் மீன் விற்கிறவள். இருபது வருடமாகத் தாழ்வான பலகையில் குந்தி உட்கார்ந்தே இடது முட்டி தேய்ந்துபோய்விட்டது. இரண்டு பக்கமும் கம்பி வைத்த கறுப்பு பெல்ட்டை அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிப் போட்டாள். ஒட்டுகிற பட்டை பிய்ந்துபோனதும், அப்பாவின் நீல வலை நூலை எடுத்துத் தைத்துக்கொண்டாள். அதைப் போடாத நாளில் அவள் வீட்டு நிலைப்படியைத் தாண்டக்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் எடுத்தேன்.

உப்பளத்து டாக்டர் வயதான அம்மாள். முகம் தெரியாத டாக்டராகத் தேடித்தான் அவரிடம் போனேன். ஸ்கூட்டியிலிருந்து விழுந்தேன் என்றேன். அவர் முட்டியைத் தொட்டதும் "ஆ" என்றேன். அம்மா எந்த இடத்தில் தொட்டால் எப்படி முனகுவாள் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அதை அப்படியே செய்து காட்டினேன். டாக்டர் மூன்று வாரம் காலை மடக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பீஸ் கொடுக்கப் போனேன்.

"படிக்கப் போற பொண்ணு. வெச்சுக்கம்மா. அங்க போயி காபி வாங்கிக் குடி" என்றார்.

வெளியே வந்து தெருமுனை வரை நொண்டினேன். பிறகு ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

புறப்படுகிற நாள் விடியற்காலையில் அம்மா ஆணியைத் தடவினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். "எங்கடி வெச்சேன் அத?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அது என் கைப்பையில், துண்டுக்கு அடியில் இருந்தது.

"எங்கயாவது இருக்கும்மா. வந்து தேடிக்கலாம், வேன் வந்துடுச்சு" என்றேன் நான்.

எங்கள் ஊரில் ஒருத்தர் வெளிநாடு போனால் ஒருத்தர் மட்டும் போவதில்லை. வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் ஏறும். சித்திகள், மாமாக்கள், எதிர் வீட்டுக்காரர்கள், தூக்குவாளியில் புளிசாதம், பிளாஸ்டிக் பையில் வறுத்த நெத்திலி என்று ஊரே சென்னைக்குக் கிளம்பியது. வேனில் முன் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். "பாய்மரம் கால் நீட்டிக்கட்டும்" என்று முருகையன் மாமா சொன்னார். அம்மா பின்னால் நாலு பேர் நடுவில் முட்டியை அமுக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

நான் போட்ட திட்டம் இதுதான். வாசலில் எல்லாரும் அழுது முடித்ததும் உள்ளே போவேன், கழிப்பறையில் பெல்ட்டை மாட்டுவேன், கவுண்டரில் கடிதத்தை நீட்டுவேன். அதற்குள் வேன் ஊரைப் பார்த்துக் கிளம்பியிருக்கும். ஆனால் எங்கள் ஜனங்கள் அப்படிப் போகிறவர்கள் இல்லை. போன ஆள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிற்பார்கள். படகு போனால் கரையில் நிற்பது போலத்தான் விமான நிலையத்திலும் நிற்பார்கள் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. மகா அறிவாளி நான்.

கவுண்டரில் கடிதத்தைப் படித்த பெண் கேள்வியே கேட்கவில்லை. "முதல் வரிசை போட்டுட்டேன் மேடம். ஆனா நீங்க நடக்கக் கூடாது" என்று சக்கர நாற்காலியை வரவழைத்தாள். இதை நெடுமாறன் அண்ணன் சொல்லவில்லை. தள்ள வந்தவள் அம்மா வயதுக்காரி. குனிந்து, இரண்டு கையாலும் என் காலைத் தூக்கிப் பலகையில் வைத்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் கதை கெட்டுவிடும்.

நாற்காலி திரும்பியபோதுதான் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களைப் பார்த்தேன். வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் மறைத்து வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. உடனே என் போன் அடித்தது.

"இன்னாடி அது? ஏன் வண்டியில உக்காந்திருக்க? இன்னா ஆச்சு?"

பின்னால் தள்ளுகிறவள் நிற்கிறாள், எதிரில் கவுண்டர்ப் பெண் நிற்கிறாள். நான் என்ன சொல்வேன்?

"கால் லேசா பிசகிடுச்சும்மா. ஒண்ணுமில்ல."

அம்மா கண்ணாடி வழியாக என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி கண்ணு. கால மடக்காத. பாத்துப் போ" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சீட்டு நன்றாகத்தான் இருந்தது. எதிரில் தடுப்பு, நடுவில் தாராளமான இடம். ஆனால் காலை நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. பணிப்பெண் ஒருத்தி என் காலுக்குக் கீழே தலையணை வைத்தாள், அரை மணிக்கு ஒரு தரம் வந்து விசாரித்தாள். அவள் பார்வையில் படாமல் ஒரு தடவைகூட மடக்க முடியவில்லை. தொடை மரத்துப்போனது. கழிப்பறைக்குப் போகும்போது எந்தக் கால் என்று ஒரு கணம் மறந்து, வலது காலை நொண்டிவிட்டுச் சட்டென்று மாற்றிக்கொண்டேன். வரிசை வரிசையாக ஜனங்கள் முட்டியை ஒடுக்கித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பெல்ட்டின் அந்த நீல நூல் உரசி உரசி, இறங்கும்போது என் தோலில் ஒரு கோடு விழுந்திருந்தது.

பாரிஸில் கழிப்பறைக்குள் நுழைந்து பெல்ட்டைக் கழற்றினேன். இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தேன். கூட்டிப்போகக் காத்திருந்த நெடுமாறன் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மா தினமும் கூப்பிட்டாள். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் கால் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி."

போனை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"உன் கால்ல இருந்தது என் பெல்ட்டுதானே? நூல பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ரொம்ப நாளாவே வலிச்சிருக்கு உனக்கு. சொன்னா அம்மா பயந்துடுவா, போவ வேணாம்னுடுவான்னு மறச்சுட்டல்ல? கேட்டா குடுத்திருக்க மாட்டனா கண்ணு? திருட்டுத்தனமா எடுத்துக்கினு போற அளவுக்கு வலிய பொறுத்திருக்கியே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

திருடியதைக்கூட எனக்குப் பெருமையாக மாற்றிவிட்டாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மேலே பேசினாள்.

"அம்மன்கிட்ட சொல்லிட்டேன். உன் கால் நல்லாயிட்டா மூணு சுத்து முட்டி போட்டே கோயில சுத்தறேன்னு. அதுவரைக்கும் பெல்ட்டும் போட மாட்டேன்னு."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கண்ணில் குறை என்றால் கண்ணுக்கு ஒரு வேண்டுதல், காலில் குறை என்றால் காலால்தான் வேண்டுதலைச் செலுத்த வேண்டும். குந்தவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன முட்டியை வைத்துக்கொண்டு, மணலும் கருங்கல்லுமாகக் கிடக்கிற அந்தப் பிராகாரத்தை மூன்று சுற்று. கால் நன்றாக ஆகிவிட்டால்தானே சுற்றுவாள்? என் மூளை மறுபடியும் வேலை செய்தது.

"இன்னும் சரியாவலம்மா. வலிக்குது" என்றேன்.

அடுத்த ஞாயிறு அது ஐந்து சுற்றாகியிருந்தது. "மூணு பத்தல போலருக்கு, அவளுக்கு" என்றாள். நான் இன்னும் வலிக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம் ஒன்பதாயிற்று.

புதன்கிழமை என் தங்கை அபி கூப்பிட்டாள். கல்லூரியிலிருந்து பேசினாள், குரலில் கோபம். "அக்கா, நீ டாக்டராண்ட போனியா இல்லியா? இங்க அம்மாக்கு முட்டி பனங்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. பெல்ட்டு வாங்கிக் குடுத்தா போட மாட்டேங்குது. அக்காக்குச் சரியாவட்டும்ங்குது. கூடைய எறக்க முடியாம நேத்து ரோட்டுலயே உக்காந்துடுச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். என் அறையில் நாற்காலி முதுகில் அந்த பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து அதன் மேல்தான் ஈரத் துண்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானமே அம்மாவைக் கூப்பிட்டேன். வியாபாரம் முடிந்து வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உப்பளத்து டாக்டர், கடிதம், "ஆ" என்று முனகியது, முதல் வரிசை, எதையும் விடவில்லை. பிசகவே இல்லை என்றேன். மூன்று வாரமாக வலிக்கிறது என்றதும் பொய் என்றேன். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அம்மா என்னையே பார்த்தாள். "அப்ப கால் நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கும்மா."

"நடந்து காட்டு."

போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். நாலு எட்டில் அறை முடிந்துவிடும். திரும்ப நடந்தேன்.

"குதி."

குதித்தேன். கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். "தாயே, எம்பொண்ணு கால் நல்லாருக்குது" என்றாள். பிறகுதான் முகம் மாறியது. "ஏண்டி, அந்தக் கண்ணாடியாண்ட நின்னு உங்கப்பா தேம்பித் தேம்பி அழுதாருடி. கடல்ல பொணம் எடுத்தப்பகூட அழாத மனுஷன். வேன்ல ஒருத்தரும் சோறு தின்னல. ஒரு சீட்டுக்காடி?"

அழுதேன். அழுவதற்கும் எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது, ஆனாலும் அழுதேன்.

"வேண்டுதல விட்டுடும்மா. எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே."

"எப்படி விடறது? உன் கால் நல்லாருக்கணும்னு கேட்டேன். நல்லாருக்குது. குதிச்சுக் காட்டுற. வர வெள்ளிக்கிழமை செலுத்திடறேன்."

"அவ குணமாக்கலம்மா! குணமாக்க எதுவுமே இல்ல!"

"நீ என்னாண்ட பொய் சொன்ன. அதுக்கு நான் அவகிட்ட பொய் சொல்லணுமா?" என்றாள். "ஒம்பதுன்னு வாயால சொல்லியாச்சு."

மூன்று என்று இருந்தது. ஒன்பதாக்கியது நான்தான். மறுநாள் காலை தபால் நிலையம் திறக்கும்போதே பெல்ட்டோடு போய் நின்றேன். போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரில் சாயங்காலம், எனக்கு மத்தியானம். அபி போனைப் பிடித்துக்கொண்டு கோயிலில் நின்றாள். அம்மா ஈரப் புடவையோடு, இடது முட்டியில் துண்டை மடித்து வைத்து வலை நூலால் கட்டிக்கொண்டு, மண்டி போட்டாள். கையை ஊன்றக் கூடாது என்பது முறை. பக்கத்தில் சித்தி வேப்பிலையோடு நடந்தாள். ஊர்ப் பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள். எனக்காகத்தான் அவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அம்மா யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. "பாய்மரத்துக்குக் கால் சரியாயிடுச்சாம்" என்று ஒரு கிழவர் போனுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

முதல் மூன்று சுற்று நிற்காமல் வந்தாள். நாலாவதில் துண்டு நழுவியது. ஐந்தாவதில் அதை அவிழ்த்து எறிந்துவிட்டாள். ஏழாவது சுற்றில், கோயிலின் பின்பக்கம் திரும்புகிற மூலையில் நின்றுவிட்டாள். சித்தி தோளைப் பிடித்தாள். "போதும்க்கா, அம்மனுக்குத் தெரியும்" என்றாள். அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி நகர்ந்தாள். நான் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்துவிடப் போனேன். பிறகு கவிழ்க்கவில்லை. அந்த ஒரு சலுகையையும் எனக்குக் கொடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஒன்பதும் முடிந்தது. அவளை நாலு பேர் தூக்கி, கோயில் சுவரோரம் உட்கார வைத்தார்கள். முட்டியில் மணல் அப்பியிருந்தது, நடுவில் தோல் கிழிந்திருந்தது. தண்ணீர் குடித்தாள். கூட்டம் விலகிய பிறகு அபியிடமிருந்து போனை வாங்கினாள். புதன்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக, அதற்காகவே ஏங்கிக்கொண்டு, காத்திருந்தேன்.

"ஏண்டி" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "அந்த சீட்டு நல்லா இருந்துச்சா? கால நல்லா நீட்டிக்க முடிஞ்சுதா?"

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினொரு மணி நேரம் தன் மகள் சௌகரியமாகப் போனாளா என்று.

இனி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று நினைத்திருந்தேன். "நீட்ட முடிஞ்சுதும்மா" என்றேன். "மடக்கத்தான் முடியல."

அம்மா தன் காலைப் பார்த்தாள். இரண்டு கையாலும் முட்டிக்கு அடியில் பிடித்து மெல்ல மடக்கப் பார்த்தாள், முடியவில்லை, விட்டுவிட்டாள்.

"எனக்கும் இப்ப அப்படித்தான்டி இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.